வீசிங் இருக்குறவங்களுக்கு மூக்குல ரத்தம் வந்தா: கேள்வி பதில்

மூக்கு தொண்டை வார்டுல ரொம்ப வருஷமா நர்ஸா இருக்கேன், அந்த அனுபவத்துல தெரிஞ்சதை சொல்றேன், கேளுங்க.

கேள்வி: அக்கா, சின்ன வயசுல இருந்தே எனக்கு வீசிங். இப்ப கொஞ்ச நாளா காலைல மூக்கு சிந்துனா ரத்தம் வருது. நுரையீரல்ல இருந்து வருதோன்னு பயமா இருக்கு.

பதில்: நுரையீரல் ரத்தம்னா இருமும்போது சளியோட கலந்து, பல நேரம் நுரை நுரையா வாய் வழியாதான் வரும் தம்பி. சிந்தும்போது மட்டும் வர்றது அநேகமா மூக்கு ரத்தம்தான். ரெண்டு துவாரத்துக்கும் நடுவுல சுவர் மாதிரி இருக்குல்ல, அதோட முன்பக்கம், விரல் எட்டுற இடத்துலயே சின்னச் சின்ன ரத்தக்குழாய் எல்லாம் வந்து ஒண்ணு கூடுது, லிட்டில்ஸ் ஏரியான்னு சொல்லுவோம், நூத்துல 90 மூக்கு ரத்தம் அங்க இருந்துதான் வருது. வீசிங்கே நேரா ரத்தத்தை வரவைக்காது. ஆனா வீசிங் இருக்குற நிறைய பேருக்கு மூக்கு அலர்ஜியும் கூடவே இருக்கும், தும்மித் தும்மி, அரிக்குதுன்னு தேச்சு, காஞ்ச பொருக்கை நோண்டி எடுத்து அந்த மெல்லிசான தோல் புண்ணாயிடுது. மூக்குக்கு ஸ்ப்ரே எதும் அடிக்கிறீங்களா?

கேள்வி: ஆமாக்கா, ஃப்ளூட்டிகசோன் ஸ்ப்ரே. நிறுத்திடவா?

பதில்: அப்ப முதல்ல அதைத்தான் பாக்கணும். ஃப்ளூட்டிகசோன், மொமெட்டசோன், புடசோனைடு, இந்த ஸ்டீராய்டு ஸ்ப்ரே எல்லாத்துக்கும் மூக்குல ரத்தம் வர்றது தெரிஞ்ச பக்கவிளைவுதான். நிறைய பேர் வலது கையால வலது மூக்குல அடிப்பாங்க, அப்ப ஸ்ப்ரே நேரா நடுச்சுவர் மேலயே போய் விழும், தினமும் ஒரே இடத்துல பட்டுப் பட்டு அந்த தோல் காஞ்சு வெடிக்கும். கையை மாத்துங்க. வலது கையால இடது மூக்கு, இடது கையால வலது மூக்கு. தலையை லேசா குனிஞ்சு, நுனியை கொஞ்சமா உள்ள விட்டு, அந்தந்த பக்கத்து கண்ணோட வெளி ஓரத்தைப் பாத்து சாய்ச்சு அடிங்க, பலமா உறிஞ்ச வேண்டாம், மெதுவா இழுத்தா போதும். அடிக்கிறதுக்கு முன்னாடி உப்புத்தண்ணி சொட்டு மருந்து விட்டு மூக்கை சுத்தம் பண்ணிட்டா இன்னும் நல்லது. இப்ப புண்ணு இருக்கறதால சில நாள் நிறுத்தி ஆறவிடணுமான்னு டாக்டர்கிட்ட கேட்டுக்கோங்க, நீங்களா ஒரேயடியா விட்டுடாதீங்க, மூக்கு அலர்ஜி கிளம்புனா வீசிங்கையும் கிளப்பி விட்டுடும்.

கேள்வி: மேடம், என் பொண்ணுக்கு 8 வயசு. மூக்குல ரத்தம் வந்துச்சு, இன்ஹேலர் சூடுன்னு சொந்தக்காரங்க சொன்னாங்க, நிறுத்திட்டோம்.

பதில்: அம்மா, தயவு செஞ்சு இன்னைக்கே டாக்டர்கிட்ட பேசி திரும்ப ஆரம்பிங்க. இன்ஹேலர் மருந்து வாய் வழியா நுரையீரலுக்குப் போறது, மூக்குச் சுவர்ல படவே படாது. மூக்கு ரத்தம் பாக்க பயமா இருக்கும், ஆனா குழந்தைங்களுக்கு பெரும்பாலும் அமுக்குனா நின்னுடும். தடுப்பு இன்ஹேலரை நிறுத்துனா வர்ற வீசிங் அட்டாக் அப்படி இல்ல, உயிருக்கே ஆபத்தாகலாம். குழந்தைக்கு நகத்தை ஒட்ட வெட்டி விடுங்க, ராத்திரி தூக்கத்துலயும் நோண்டுவாங்க.

கேள்வி: ரத்தம் வரும்போதே இளைப்பும் வந்தா என்ன பண்றது? மூக்கைப் பிடிச்சா மூச்சு விட முடியாதே சிஸ்டர்?

பதில்: நல்ல கேள்வி. படுக்கவே கூடாது, தலையை அண்ணாந்து பாக்கவும் கூடாது, ரத்தம் தொண்டைக்குள்ள இறங்கி இருமல் வந்து இளைப்பு இன்னும் கூடும். உக்காந்து முன்பக்கமா சாஞ்சு, மூக்கு எலும்புக்குக் கீழ மெத்துன்னு இருக்குற பகுதியை ரெண்டு விரலால கெட்டியா அமுக்கி, வாயால மூச்சு விட்டுகிட்டு 10ல இருந்து 15 நிமிஷம் விடாம பிடிங்க, நின்னுச்சான்னு நடுவுல திறந்து பாக்காதீங்க. வாய்ல வர்றதைத் துப்பிடுங்க. முன்னாடி சாஞ்சு உக்கார்றது இளைப்புக்கும் நல்லதுதான். இளைப்பு இருந்தா வேற ஒருத்தர் மூக்கைப் பிடிக்கட்டும், நீங்க ஸ்பேசர் (இன்ஹேலர்ல மாட்டுற குழாய்) வச்சு, இளைப்பை உடனே தணிக்கிற சால்பூட்டமால் இன்ஹேலரை எடுங்க, வாய் வழிதான, ஒண்ணும் தடை இல்ல. அரை மணி நேரத்துக்கு மேல ரத்தம் நிக்கலன்னாலோ, கொடகொடன்னு ஊத்துனாலோ, பேச முடியாத அளவுக்கு இளைச்சாலோ உடனே எமர்ஜென்சி.

கேள்வி: மூக்கடைப்பு சொட்டு மருந்து போடலாமா?

பதில்: ஆக்சிமெட்டசோலின் மாதிரி சொட்டு மருந்தா? மூணு நாலு நாளைக்கு மேல வேண்டாம், விட்டதும் அடைப்பு முன்னைவிட அதிகமா வரும். பிபி இருந்தா டாக்டரைக் கேக்காம தொடவே வேண்டாம்.

கேள்வி: அப்பாவுக்கு வீட்ல ஆக்சிஜன் ஓடுது, மூக்கு காஞ்சு ரத்தம் கசியுது, வாஸ்லின் தடவலாமா?

பதில்: வேண்டாங்க. ஆக்சிஜன் ஓடுற இடத்துல பெட்ரோலியம் ஜெல்லி ஆகாது, தீப்பிடிக்கிற அபாயம் இருக்கு. தண்ணி அடிப்படைல செஞ்ச சலைன் ஜெல் கேட்டு வாங்குங்க, ஆக்சிஜனை ஈரமாக்குற ஹ்யூமிடிஃபையர் பாட்டில் மாட்டலாமான்னும் கேளுங்க. ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடுறாரா? அப்படின்னா அதையும் டாக்டர்கிட்ட சொல்லுங்க, ஆனா நீங்களா நிறுத்தாதீங்க.

கேள்வி: எனக்கு 40 வயசுக்கு மேலதான் வீசிங்கே ஆரம்பிச்சுது. மூக்குல எப்பவும் ரத்தப் பொருக்கு, இப்ப பாதம் மரத்துப் போகுது. சம்பந்தம் இருக்குமா?

பதில்: இருக்கலாம் சார், இதைத் தள்ளிப் போடாதீங்க. பெரிய வயசுல வந்த வீசிங், ஆறாத மூக்குப் பொருக்கு, மரத்துப் போறது, இது மூணும் சேர்ந்தா ரத்தக்குழாய் வீங்குற ஈஜிபிஏங்குற அபூர்வ நோயான்னு பாத்தே ஆகணும். நோய் எதிர்ப்பு மண்டலமே குழாயைத் தாக்குறதால வர்றது, சீக்கிரம் கண்டுபிடிச்சா மருந்து இருக்கு, விட்டா நரம்பு, இதயம் வரைக்கும் போகும். இந்த வாரமே நுரையீரல் டாக்டரைப் பாத்து மூணையும் ஒண்ணா சொல்லுங்க, மூக்குக்கு ஒருத்தர் காலுக்கு ஒருத்தர்னு தனித்தனியா காட்டுனா யாருக்கும் முழுசா புரியாது. ரத்தத்துல ஈசினோஃபில் (அலர்ஜில கூடுற ஒரு வகை வெள்ளை அணு) அளவும், ரத்தக்குழாய் வீக்க நோயைக் கண்டுபிடிக்க உதவுற ஆன்காங்குற ரத்த டெஸ்ட்டும் எடுக்கணுமான்னு கேளுங்க, பழைய ரிப்போர்ட் எல்லாம் கையோட எடுத்துட்டுப் போங்க.