கதையைக் கூட்டத்திலேயே வாசியுங்கள் – கடிதம்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நான் மன்னார்குடிக்கு அருகில் வசிக்கும் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. எங்கள் ஊர்க் கிளை நூலகத்தின் வாசகர் வட்டப் பொறுப்பை இந்த ஆண்டு என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை, சிறப்புரை என்று கூட்டத்தில் இரண்டு மணி நேரம் போய்விடுகிறது. புத்தகத்தைப் பற்றிப் பேச்சு வரும்போது பாதிப் பேர் எழுந்து போயிருப்பார்கள். இருப்பவர்களிலும் படித்துவிட்டு வந்தவர்கள் குறைவு, ஏனென்றால் நூலகத்தில் இருப்பது ஒரே பிரதி. இதை எப்படி மாற்றுவது? கலந்துரையாடல் என்று தொடங்கினால் அது வகுப்பறையாகி, படிப்பதில் உள்ள மகிழ்ச்சியே போய்விடுமோ என்றும் அஞ்சுகிறேன். தாங்கள் ஒருமுறை எங்கள் நூலகத்துக்கு வர இயலுமா?

அன்புடன்,
ஒரு வாசகி

அன்புள்ள ஆசிரியைக்கு,

வணக்கம். மன்னார்குடி என்ற பெயரைப் படித்ததும் எனக்கு அந்த மாட்டுவண்டிதான் நினைவுக்கு வந்தது. 1931 அக்டோபரில், உங்கள் ஊருக்குப் பக்கத்தில் உள்ள மேலவாசலில், கனகசபைப் பிள்ளை என்ற பொறியாளர் ஒரு மாட்டுவண்டியில் நூல்களை அடுக்கி, சுற்றுப்பட்ட கிராமங்களுக்கு அனுப்பத் தொடங்கினார். அதைத் தொடங்கி வைத்தவர் சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன். நூலகத்துறையினர் இன்றும் சொல்லும் அவருடைய ஐந்து விதிகள் நூலாக வெளிவந்ததும் அதே ஆண்டில்தான். அவற்றுள் மூன்றாவது விதி, ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் உண்டு என்பது. அந்த வாசகரைத் தேடி வண்டி ஊர் ஊராகப் போனது. வாசகர் வட்டம் செய்ய வேண்டிய வேலையும் அதுவே என்பதால், அலமாரியில் இருக்கும் ஒரு நூல் அன்று மாலை யாராவது ஒருவருடைய கைக்குப் போய்ச் சேர்ந்ததா என்பதை வைத்தே நான் ஒரு கூட்டத்தை எடைபோடுவேன்.

ஒரே பிரதி என்று வருந்துகிறீர்கள். ஒரு பிரதி போதும். கதையைக் கூட்டத்திலேயே வாசியுங்கள். இருபது நிமிடத்தில் வாசித்து முடிக்கக்கூடிய ஒரு சிறுகதையை எடுத்துக்கொண்டு, ஆளுக்கு ஒரு பக்கமாக உரக்க வாசித்தால், அறையில் உள்ள அத்தனை பேரும் அந்தக் கதையைப் படித்தவர்களாகிவிடுவார்கள். படிக்காமல் வந்துவிட்டோமே என்ற கூச்சம் யாருக்கும் இராது. நம் ஊர்களுக்கு இது புதிதும் அல்ல. திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் படிக்கும்போது ஒருவர் பாட்டைப் படிப்பார், மற்றொருவர் பொருள் சொல்வார். கேட்டிருந்தவர்களில் பலருக்கு எழுத்துத் தெரியாது, ஆனால் கர்ணன் செய்தது சரியா என்று விடியும்வரை வாதாட அவர்களால் முடிந்தது. கையில் ஒரு பிரதி வைத்துக்கொண்டு தொடர விரும்புகிறவர்களுக்கு, நூல்கள் நாட்டுடைமையாக்கப்பட்ட எழுத்தாளர்களின் கதைகளைத் தேர்ந்தெடுங்கள். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்தில் அவற்றுள் பல கிடைக்கின்றன, தடையின்றி அச்செடுத்துக்கொள்ளலாம்.

வகுப்பறையாகிவிடும் என்ற உங்கள் அச்சம் நியாயமானதுதான், ஆனால் அது முதற்கேள்வியைப் பொறுத்தது. இந்தக் கதை உணர்த்தும் கருத்து யாது என்று கேட்டீர்களானால் எல்லோரும் தேர்வு எழுதும் பிள்ளைகளாகிவிடுவார்கள். வாசிக்கும்போது எந்த இடத்தில் நின்றீர்கள் என்று கேளுங்கள். எல்லோருக்கும் அப்படி ஓர் இடம் இருக்கும், அதற்குத் தவறான விடையும் கிடையாது.

பல ஆண்டுகளுக்கு முன் வறண்ட மாவட்டம் ஒன்றின் கிளை நூலகத்தில் நடந்ததைச் சொல்கிறேன். என் நாவலின் ஓர் அத்தியாயத்தை அங்கே வாசித்தார்கள். பின்வரிசையில், சேலைத் தலைப்பைத் தோளில் இழுத்துப் போர்த்தியபடி அமர்ந்திருந்த ஓர் அம்மாள் எழுந்து, நான் நின்ற இடம் கிணறு என்றார். சித்திரை மாத நண்பகலில் ஒரு பெண் கிணற்றில் வாளியை விட்டுத் தண்ணீர் இறைப்பதாக நான் எழுதியிருந்தேன். "எங்க பக்கம் சித்திரையில வாளி மொள்ளாதுங்க ஐயா. சின்னப் பிள்ளைய உள்ள இறக்கிவிட்டு, ஊத்துல சிரட்டையால மொண்டு மொண்டு வாளிய நிரப்பச் சொல்லுவோம். நானும் இறங்கியிருக்கேன், கால் ஓரம் ஒரே சில்லிப்பா இருக்கும்" என்றார். அதன்பின் அறையில் யாரும் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு மூன்று நான்கு பேர் தாங்கள் இறங்கிய கிணறுகளைப் பற்றிப் பேசத் தொடங்கினார்கள். அடுத்த பதிப்பில் அந்தப் பத்தியைத் திருத்தி எழுதினேன். எத்தனையோ மேடைகளில் பாராட்டுக் கேட்டிருக்கிறேன். என் எழுத்தை ஒருவர் இவ்வளவு அருகில் வந்து படித்ததாக நான் உணர்ந்தது அன்றைக்குத்தான். தனியாகப் படிக்கும்போது அந்த அம்மாளுக்கு அவருடைய கிணறு மட்டுமே தெரிந்திருக்கும். அன்று அவர் ஐந்தாறு கிணறுகளோடு வீட்டுக்குப் போனார். சேர்ந்து படிப்பதில் வரும் மகிழ்ச்சி என்று நான் சொல்வது இதைத்தான்.

உரைகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வரவேற்பும் நன்றியும் இரண்டிரண்டு நிமிடம் போதும். புரவலர்களையும் ஊர்ப் பெரியவர்களையும் அழையுங்கள், அவர்களுக்கும் ஒரு பக்கம் வாசிக்கக் கொடுங்கள்; மகிழ்ச்சியோடு வாசிப்பார்கள். நாற்காலிகளை வட்டமாகப் போட நூலகர் சம்மதித்தால் இன்னும் நல்லது. சொத்து வரியோடு சேர்த்து நூலக வரியும் கட்டுகிற ஊர்மக்களின் இடம் அது. அங்கே பேசுவதற்கு ஒருவர் பட்டம் பெற்றிருக்க வேண்டியதில்லை, மேடையும் தேவையில்லை.

கட்டாயம் வருகிறேன், ஆனால் இப்போது அல்ல. எழுத்தாளரை முதலில் அழைத்தால் எல்லோரும் அவருடைய முகத்தைப் பார்த்துப் பேசுவார்கள், பிடிக்காததைச் சொல்லத் தயங்குவார்கள். மூன்று மாதம் பிறருடைய கதைகளை வாசித்துப் பழகுங்கள். நான்காவது மாதம் என் கதை ஒன்றை, நான் இல்லாமலே, வாசித்து முடியுங்கள். யார் யார் எந்த இடத்தில் நின்றார்கள் என்று ஒரு தாளில் குறித்து எனக்கு அனுப்பினால், அடுத்த கூட்டத்துக்கு அந்தத் தாளோடு வந்து உங்களோடு உட்காருவேன். பொன்னாடைக்கு ஆகும் பணத்தில் நூலகத்துக்கு இன்னொரு பிரதி வாங்கி வையுங்கள்.

மிக்க அன்புடன்.