அரை நிமிட வெடிப்பும் ஒரு நட்சத்திரத்தின் சாவும்

கேள்வி: காமா கதிர் வெடிப்பு சில நொடிகளில் அடங்கிவிடுகிறதாமே! அப்புறம் எப்படி அது ஒரு நட்சத்திரம் சாகும்போது வருவது என்று உறுதியாகச் சொல்கிறார்கள்? – கல்லூரி மாணவி, விருதுநகர்

பதில்: விண்வெளியின் தொலைவிலிருந்து திடீரெனப் பாய்ந்து வரும், ஒளியிலேயே மிக அதிக ஆற்றல் கொண்ட வகைதான் காமா கதிர். நொடிகளில் அடங்குவது அது மட்டும்தான். அதே இடத்தில் எக்ஸ் கதிராகவும் சாதாரண ஒளியாகவும் ஒரு பின்னொளிர்வு நாள்கணக்கில் நீடிக்கும். 1997 பிப்ரவரியில், பெப்போசாக்ஸ் செயற்கைக்கோளின் உதவியால்தான் அதை முதன்முதலில் பார்த்தார்கள்.

அடுத்த ஆண்டே ஒரு துப்பு கிடைத்தது. ஏப்ரல் 25 அன்று வந்த வெடிப்பின் திசையில் ஒரு சூப்பர்நோவா, அதாவது வெடித்துச் சாகும் நட்சத்திரம். ஆனால் அந்த வெடிப்பு வழக்கத்தைவிடப் பல ஆயிரம் மடங்கு பலவீனமானது. இரண்டும் தற்செயலாக ஒரே திசையில் அமைந்திருக்கலாமே என்று பலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான்.

அதைத் தீர்த்துவைத்தது 2003 மார்ச் 29 அன்று சிம்ம ராசி மண்டலத்தில் வந்த வெடிப்பு. காமா கதிர் அரை நிமிடம் போலத்தான் வந்தது. ஆஸ்திரேலியாவின் சைடிங் ஸ்பிரிங்கில் உள்ள 40 அங்குலத் தொலைநோக்கி சுமார் ஒன்றரை மணி நேரத்தில் பின்னொளிர்வைப் பிடித்துவிட்டது. ஒளி நம்மை வந்துசேர ஏறத்தாழ 200 கோடி ஆண்டுகள் ஆகும் தொலைவு. ஆனாலும் அமெச்சூர் வானியலாளர்கள் தங்கள் கருவிகளிலேயே அதைப் பதிவுசெய்யும் அளவுக்குப் பிரகாசம்!

அரிசோனாவிலும் சிலியிலும் அதன் நிறமாலையை, அதாவது ஒளியை நிறவாரியாகப் பிரித்துக் காட்டும் வரைபடத்தை, தொடர்ந்து எடுத்தார்கள். முதல் சில நாள்கள் வழவழப்பான ஒரு சரிவு மட்டுமே. அது நட்சத்திரத்திலிருந்து பீறிட்ட தாரை சுற்றியுள்ள வாயுவில் மோதியதால் வந்த ஒளி. பகல் வெளிச்சத்தில் நட்சத்திரம் தெரியாத மாதிரி, சூப்பர்நோவா அதற்குள் மறைந்திருந்தது. தாரையின் ஒளி மங்க மங்க, ஏப்ரல் இரண்டாம் வாரத்தில் நிறமாலையில் அகலமான மேடுகள் எழுந்தன. 1998இல் பார்த்த சூப்பர்நோவாவின் அதே சாயல்! ஹைட்ரஜனும் இல்லை, ஹீலியமும் இல்லை. வெளியடுக்குகளை முன்பே இழந்துவிட்ட பெருநட்சத்திரம் அது. மேடுகள் அவ்வளவு அகலமாக இருந்ததற்குக் காரணம், சிதறிய பொருள் நொடிக்கு 30,000 கிலோமீட்டருக்கு மேல் பாய்ந்ததுதான். அந்த நிறமாலைகளை நாள்வரிசையில் பார்க்கும்போது எனக்கு இன்றும் சிலிர்க்கிறது.

சூப்பர்நோவா மட்டும் ஏன் தாமதமாகத் தெரிகிறது? வெடிப்பில் உருவான நிக்கல்-56 என்ற கதிரியக்கப் பொருள் சிதைந்துதான் அதற்கு ஒளி தருகிறது. அந்த ஒளி உச்சத்தைத் தொட இரண்டு வாரம் போல ஆகும்.

எல்லா வெடிப்புக்கும் இதுவே காரணம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். 2 நொடிக்கும் குறைவான வெடிப்புகளில் பெரும்பாலானவை வேறு வகை. 2017 ஆகஸ்ட் 17 அன்று வந்தது, இரண்டு நியூட்ரான் நட்சத்திரங்கள் (செத்த பெருநட்சத்திரங்களின் மிக அடர்த்தியான எச்சங்கள்) மோதியதால் பிறந்தது. அந்த மோதல் வெளியில் எழுப்பிய அதிர்வுகளான ஈர்ப்பலைகளும் கூடவே பதிவாயின.