சிங்கப்பூரின் வடக்கே இருக்கும் உட்லண்ட்ஸ் வட்டாரத்துக்குப் போர் வரலாறு உண்டா?

நிறைய உண்டு. இன்று நாம் மலேசியாவின் ஜோகூர் போக வரிசையில் நிற்கும் அதே கடற்பாலத்தை, 1942 ஜனவரி 31 அன்று, பின்வாங்கிய பிரிட்டிஷ் தரப்பே வெடிவைத்துப் பிளந்தது. ஆனால் ஜப்பானியர் பாலத்துக்குக் காத்திருக்கவில்லை. பிப்ரவரி 8 இரவு மேற்கே சரிம்பூன் கரையில் படகுகளில் இறங்கினார்கள். மறுநாள் இரவு கிராஞ்சியில். 15ஆம் தேதி சிங்கப்பூர் சரணடைந்தது.

பக்கத்துச் செம்பவாங்கில் 1938இல் திறந்த கடற்படைத் தளம் தனிக்கதை. தமிழரும் மலையாளிகளும் பலர் அங்கே உழைத்தவர்கள்.

கிராஞ்சி போர் நினைவிடத்துக்கு அவசியம் போங்கள். சுவர்களில் 24,000க்கும் மேற்பட்ட பெயர்கள், கல்லறைகூட இல்லாதவர்களுடையவை. இந்தியச் சிப்பாய்களின் பெயர்களை வாசித்தபோது எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.