தேய்க்கிறதுக்கு முன்னாடி ஊற விடுங்க

கேள்வி: நானும் வீட்டுக்காரரும் வேலைக்குப் போறோம். ராத்திரி சமைச்சு சாப்பிட்டு முடிக்கவே ஒன்பதரை ஆயிடுது. அப்புறம் கிச்சனைப் பார்த்தாலே அலுப்பா இருக்கு, அப்படியே போட்டுட்டுப் படுத்துடறேன். ஞாயித்துக்கிழமை அரை நாள் தேய்க்கிறதுலயே போயிடுது. அடுப்பைச் சுத்தி எண்ணெய்ப் பிசுக்கு எவ்வளவு தேய்ச்சாலும் போகல, துடைக்கிற துணியில வேற நாத்தம். தினமும் 20 நிமிஷம்தான் என்னால ஒதுக்க முடியும். என்ன பண்ணலாம்?

பதில்: முதல்ல ஒண்ணு, நாள் முழுக்க வேலை பார்த்துட்டு வந்து ராத்திரி கிச்சனை அப்படியே விட்டுட்டுப் படுக்கறது சோம்பேறித்தனம் கிடையாது, அதுக்காக மனசு கஷ்டப்படாதீங்க. 20 நிமிஷம் தாராளமா போதும். ஆனா உங்க லெட்டர்ல 'தேய்ச்சு தேய்ச்சு'ன்னு வருது பாருங்க, நேரம் எல்லாம் அங்கதான் போகுது. காய்ஞ்ச கறையைக் கை பலத்தால எடுக்கப் பார்க்கறீங்க. அந்த வேலையைத் தண்ணியும் சோப்பும் செய்யணும், நாம செய்யக்கூடாது.

பிசுக்கு ஏன் போக மாட்டேங்குதுன்னா, எண்ணெய் வெறும் தண்ணியில கரையாது. சோப்போட ஒரு முனை எண்ணெயைப் பிடிச்சுக்கும், இன்னொரு முனை தண்ணியைப் பிடிச்சுக்கும், அப்படித்தான் அது கழண்டு வரும், அதுக்குக் கொஞ்சம் நேரம் வேணும். தெளிச்ச உடனே தேய்ச்சா சோப்புக்கு வேலை செய்ய அவகாசமே இல்ல. அதனால சாப்பிட உட்கார்றதுக்கு முன்னாடியே, அடுப்பை அணைச்சு அது வெதுவெதுப்புக்கு வந்ததும், சுடுதண்ணியில ரெண்டு சொட்டு பாத்திரம் கழுவுற லிக்விட் விட்டு ஒரு துணியை நனைச்சுப் பிழிஞ்சு அந்தப் பிசுக்கு மேல போர்த்தி விட்டுட்டுப் போய் சாப்பிடுங்க. நீங்க சாப்பிட்டு வர்றதுக்குள்ள பாதி வேலை முடிஞ்சிருக்கும், ஒரு இழுப்புல வழிச்சு எடுத்துடலாம். அடிப்பிடிச்ச பாத்திரத்தையும் அப்பவே தண்ணி ஊத்தி சிங்க்ல வெச்சுடுங்க.

ரொம்பக் கருகிப் போச்சுன்னா அதுல தண்ணி ஊத்தி ஒரு ஸ்பூன் சமையல் சோடா போட்டு அஞ்சு நிமிஷம் கொதிக்க விட்டு அப்படியே ஆற விடுங்க. ஆறினதும் மரக்கரண்டியால ஓரத்துல லேசா நெம்பிப் பாருங்க, கருகினது பொருக்கு பொருக்கா எழும்பி வரும், ஒட்டிட்டிருக்கிற மிச்சத்துக்கு மட்டும் ஸ்க்ரப்பர் போட்டா போதும். அலுமினியப் பாத்திரத்துல மட்டும் இதைச் செய்யாதீங்க, சோடா பட்டா அலுமினியம் கறுத்துப் போகும்.

சாப்பிட்டு வந்ததும் அந்த 20 நிமிஷத்துல எதை முதல்ல எடுக்கறோம்ங்கறது முக்கியம். மேடையில கிடக்கிற சாமானை எல்லாம் அந்தந்த இடத்துல வெச்சுட்டு, துகள், தோலெல்லாம் காய்ஞ்ச துணியாலயே கூட்டித் தள்ளிடுங்க, அதுல முதல்லயே தண்ணி பட்டா பசை மாதிரி இழுத்துக்கிட்டு ரெண்டு மடங்கு வேலை. அப்புறம் பாத்திரம், அதுலயும் கிளாஸ் முதல்ல, எண்ணெய்ச் சட்டி கடைசில, அப்பதான் ஸ்க்ரப்பர் முழுக்கப் பிசுக்கு ஏறாது. பாத்திரம் முடிஞ்சதும் அடுப்பு, மேடை, அப்புறம் சிங்க், கடைசியா தரை. நிறைய பேர் சிங்க்கை முதல்ல பளபளன்னு தேய்ச்சுட்டு அப்புறம் மேடை அழுக்கை அதுலயே வழிச்சு விடுவாங்க, அந்த உழைப்பு வீண் தானே.

மைக்ரோவேவ் இருந்தா தேய்க்கவே வேண்டாம், ஒரு கிண்ணத்துல தண்ணி வெச்சு (உள்ள ஒரு மரக்கரண்டி போட்டு வைங்க, இல்லன்னா தண்ணி திடீர்னு பொங்கித் தெறிக்கும்) மூணு நிமிஷம் ஓட விட்டு, கதவைத் திறக்காம இன்னொரு அஞ்சு நிமிஷம் விட்டுட்டுத் துடைச்சா வந்துடும்.

சிம்னி ஃபில்டர், ஃப்ரிட்ஜ், டப்பா வைக்கிற அலமாரி இதெல்லாம் தினப்படி கணக்குல சேர்க்காதீங்க. வாரம் ஒண்ணு எடுத்துக்கிட்டா போதும், ஞாயித்துக்கிழமையும் மிஞ்சும். இதுல ஒரு வேலையை வீட்டுக்காரர் கிட்டயே முழுசா விட்டுடுங்க, 'கொஞ்சம் ஹெல்ப் பண்ணுங்க'ன்னு கேக்காதீங்க, அவரும் சாப்பிடற கிச்சன் தானே.

இன்னொண்ணு ரொம்ப சீரியஸா சொல்றேன், சீக்கிரம் முடியணும்னு ரெண்டு மூணு லிக்விடை ஒண்ணா கலந்துடாதீங்க. ப்ளீச்சோட வினிகரோ ஆசிடோ அமோனியா இருக்கிற க்ளீனரோ சேர்ந்தா விஷ வாயு வரும், சின்ன கிச்சன்ல ஜன்னலும் மூடியிருந்தா உயிருக்கே ஆபத்து. சமையல் சோடாவையும் வினிகரையும் கலந்து ஊத்தறதுல ஆபத்து இல்லதான், ஆனா நுரை பொங்கி முடிஞ்சதும் ஒண்ணை ஒண்ணு முறிச்சுடும், மிச்சம் பெரும்பாலும் தண்ணிதான். பிசுக்குக்கு சோப்பு, குழாய்ல படியிற உப்புக்கறைக்கு வினிகர்னு தனித்தனியா வெச்சுக்கோங்க. மேடை மார்பிளா இருந்தா வினிகர் படவே கூடாது, பளபளப்பு அரிச்சுப் போயிடும்.

துணி நாத்தத்துக்குக் காரணம் ஈரம். சுருட்டி சிங்க் ஓரமா போட்டா ராத்திரி முழுக்க அதுல கிருமி பெருகும், மறுநாள் அதே துணியால மேடையைத் துடைச்சா அழுக்கைத் தடவி விடற மாதிரிதான். படுக்கப் போறதுக்கு முன்னாடி சோப்புல அலசி நல்லா முறுக்கிப் பிழிஞ்சு விரிச்சுக் காயப் போடுங்க, நாலு துணி வாங்கி தினம் ஒண்ணா மாத்துங்க. பச்சை இறைச்சி பட்ட இடத்தைத் துடைச்சீங்கன்னா அந்தத் துணியை நேரா துவைக்கப் போட்டுடுங்க, வேற எதுலயும் படக்கூடாது. ஸ்பாஞ்ச் அலசினதுக்கு அப்புறமும் வாடை அடிச்சா யோசிக்காம தூக்கிப் போட்டுட்டுப் புதுசு எடுத்துக்கோங்க.