குழந்தைகளுக்குச் சொல்லும் கதைகளில் அதிகாரத்தையும் சமூக நீதியையும் பற்றிக் கற்றுக்கொடுக்க முடியுமா? நீங்கள் எந்தக் கதைகளைச் சொல்வீர்கள்?

முடியும். நமக்கெல்லாம் தெரிந்த பழைய கதைகளே போதும். யார் பக்கம் உட்கார்ந்து சொல்கிறோம் என்பதைத்தான் நாம் கவனிக்க வேண்டும்.

எனக்கு இதைக் காட்டியவர் அம்மாயி, என் அம்மாவின் அம்மா. இலங்கை மலைநாட்டில் ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்துக் காம்பராவில், அடுப்படியில் உட்கார்ந்துதான் கதை சொல்வார். சிங்கமும் முயலும் கதை எல்லாருக்கும் தெரியும். நாளுக்கு ஒருவராக இரையாக வருகிறோம் என்று மிருகங்கள் சிங்கத்தோடு பேசி முடிக்கின்றன. முயலின் முறை வந்ததும் அது வேண்டுமென்றே பிந்திப் போகிறது. கிணற்றுக்குள் இன்னொரு சிங்கம் இருக்கிறது என்று காட்டிக் குதிக்க வைக்கிறது. அந்தக் கதையில் நரி கிடையாது. அம்மாயியின் கதையில் உண்டு. சிங்கம்தான் தோட்டத்தை நடத்தும் தொரை, நரிதான் வேலைக் கணக்கு எழுதும் கணக்குப்பிள்ளை. விடியக்காலை, வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்தில் நின்று, நரி செக்ரோல் என்ற பேர்ப் பதிவேட்டைப் பார்த்துப் பேர் கூப்பிடும்.

"யானை பேரு அதுல வராது. கரடி பேரும் வராது. மானு, மொசலு, காட்டுக்கோழி, இதுங்க பேருதான் மாத்தி மாத்தி வரும்" என்பார்.

கொழுந்து நிறுக்கும்போது கூடைக்கு இவ்வளவு, தண்ணிக்கு இவ்வளவு என்று கிலோ கழிப்பதைப் பார்த்துவிட்டு வந்து சொன்ன கதை அது. ஆறு வயதில் எனக்கு அதிகாரம் என்ற சொல் தெரியாது. ஆனால் பேர் எழுதுகிறவன் கையில் என்ன இருக்கிறது என்பது அன்றைக்கே புரிந்துவிட்டது.

பெரியவளான பிறகு பஞ்சதந்திரத்தை முழுதாகப் படித்தேன். அதன் தொடக்கமே ஒரு அரசன் தன் மூன்று மந்த பிள்ளைகளை நினைத்துக் கவலைப்படுவதுதான். ஆறே மாதத்தில் இவர்களுக்கு அரசியல் சொல்லித் தருகிறேன் என்று விஷ்ணுசர்மன் பொறுப்பேற்றுச் சொன்னவைதான் இந்தக் கதைகள் எல்லாம். யாரை நம்பலாம், நண்பர்களை எப்படிப் பிரிக்கலாம் என்று நாளைக்கு நாடாளப் போகிறவனுக்குச் சொன்ன பாடம். அதை ஒரு வார்த்தை மாற்றாமல் சொன்னால், லயத்துப் பிள்ளையும் கொழும்பு கொட்டாஞ்சேனைத் தொடர்மாடிப் பிள்ளையும் இளவரசன் கண்ணாலேயே காட்டைப் பார்க்கப் பழகிவிடுவார்கள். அதனால் எனக்கு மாற்றிச் சொல்வதில் தயக்கமே இல்லை.

மாற்றாமல் சொன்னதன் வலியும் எனக்குத் தெரியும். ஒன்பது வயதில் கொழும்புக்கு வந்தோம். பள்ளிக்கூடத்தில் நான் "வந்துச்சு, போச்சு" என்று பேசினால் பிள்ளைகள் சிரித்தார்கள். ஒரு தவணைக்குள் அவர்களைப் போலவே பேசப் பழகிக்கொண்டேன். ஒருநாள் மைதானத்தில் விழுந்து முழங்கால் கிழிந்தபோது, என்னை அறியாமல் "ஆத்தாடி" என்று கத்திவிட்டேன். அந்த வாரமே வகுப்பில் நீல நரிக் கதை. சாயத் தொட்டியில் விழுந்து நீலமான நரி, காட்டுக்கு ராஜாவாகி, மற்ற நரிகள் ஊளையிட்டதும் தானும் ஊளையிட்டு மாட்டிக்கொண்டு சாகும் கதை. "எந்தச் சாயம் பூசினாலும் நரி நரிதான், பிறவிக் குணம் போகாது" என்று ஆசிரியர் முடித்தார். இரண்டு வாங்கில் உட்கார்ந்திருந்தவர்கள் திரும்பி என்னைப் பார்த்தார்கள். அவர் என்னை நினைத்துச் சொல்லியிருக்க மாட்டார். ஆனாலும் அதன் பிறகு பல மாதம் நான் வகுப்பில் வாயே திறக்கவில்லை.

அந்தக் கதையின் முக்கியமான இடத்தை அவர் விட்டுவிட்டார். பஞ்சதந்திரத்தில் நீல நரி சிங்கத்துக்கும் புலிக்கும் பதவி கொடுக்கிறது. நரிகளைக் காட்டை விட்டே விரட்டுகிறது. என் மகளுக்குச் சொல்லும்போது நான் அந்த இடத்தில் நிறுத்துவேன். நாற்காலி கிடைத்ததும் முதலில் யாரை விரட்டியது என்று அவள் யோசிக்கட்டும். அப்புறம், நீல நிறத்தைப் பார்த்ததும் சிங்கமே கும்பிட்டதே, அது ஏன்? இதை இரண்டு நாள் பேசலாம்.

இன்னொரு கதை ஆராய்ச்சி மணி. தமிழ்ப் பிள்ளைகளுக்கு அது மனுநீதிச் சோழன், திருவாரூர். எதிர்வீட்டு சிங்களப் பையனுக்கு அது அனுராதபுரத்தை 44 வருடம் ஆண்ட எலார, நம் எல்லாளன். இலங்கையின் பழைய பாளி வரலாற்று நூலான மகாவம்சம் எல்லாளனை வெல்லப்பட வேண்டிய அரசனாகத்தான் காட்டுகிறது. ஆனாலும் நண்பனுக்கும் பகைவனுக்கும் ஒரே நீதி வழங்கினான் என்று அதுவே எழுதி வைத்திருக்கிறது. இரண்டு பிள்ளைகளையும் ஒரே பாயில் உட்கார வைத்துச் சொல்ல இதைவிட நல்ல கதை எனக்குக் கிடைக்கவில்லை. கன்றைக் கொன்ற தன் மகனை அரசன் அதே தேர்ச் சக்கரத்தால் கொன்றதை மட்டும் இன்னும் சொல்லவில்லை. ஆறு வயதுக்கு அது பாரம். அரசன் மகனுக்கும் அதே சட்டம்தான் என்றதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

எல்லாரும் மணியைப் பற்றிச் சொல்கிறோம். நான் கயிற்றைப் பற்றிச் சொல்வேன். நீதி கேட்டு வருகிற எவரும் இழுக்கட்டும் என்று எல்லாளன் தன் கட்டிலின் தலைமாட்டில் மணியைக் கட்டி, அதற்கு நீளமான கயிறு போட்டிருந்தான் என்கிறது மகாவம்சம். நீளம் என்ற அந்த ஒரு சொல்லில்தான் என் மனம் நிற்கிறது. அம்மாயி 1948 குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்ட லட்சக்கணக்கான மலையகத் தமிழர்களில் ஒருவர். நாட்டில் நீதிமன்றம் இருந்தது, பாராளுமன்றம் இருந்தது. மலையில் கொழுந்து கிள்ளியவருக்கு எட்டுகிற மாதிரி அங்கே எதுவும் தொங்கவில்லை.

கதை முடிந்ததும் "இதிலிருந்து என்ன தெரிகிறது" என்று நான் கேட்பதில்லை. போன மாதம் மகள் அந்த மணியை வரைந்தாள். கயிறு கட்டிலில் இருந்து கதவைத் தாண்டி, படி இறங்கி, தாளின் அடிக்கு வந்து, மறுபக்கத்திலும் தொடர்ந்தது.

"ஏன் இவ்வளவு நீளம்?" என்றேன்.

"அம்மா, மாட்டுக்குக் கழுத்து எட்டும். எலிக்குட்டி வந்தா?"

இப்போது யார் வீட்டுக்கு வந்தாலும் தாளைத் திருப்பிப் பார்க்கச் சொல்கிறாள்.