ஒடேசாவுக்கு இப்போது குடிபோகலாமா?

மனைவியின் ஊர், சொந்த வீடு, இணையவழி வேலை. ஏழு வயது மகனோடு, உக்ரைனின் கருங்கடல் துறைமுக நகரமான ஒடேசாவில் குடியேறலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நானாக இருந்தால் இப்போது போகமாட்டேன். அந்த ஊருக்குச் சோறு போடுவதும் துறைமுகம்தான், ஏவுகணைகளை வரவழைப்பதும் அதுதான். 2023 ஜூலையில், உக்ரைன் தானியத்தைக் கருங்கடல் வழியாக ஏற்றுமதி செய்ய வழிவிட்ட தானிய ஒப்பந்தத்திலிருந்து ரஷ்யா விலகிய ஒரே வாரத்தில் நகரின் பெரிய தேவாலயமே அடி வாங்கியது. பயணிகள் விமானம் 2022 முதல் கிடையாது. மால்டோவா போன்ற பக்கத்து நாடுகள் வழியாகத் தரைவழிப் பயணம்தான்.

வீடு எத்தனையாவது மாடி? மின்சாரம் போனால் லிஃப்ட் நிற்கும், மேல்மாடிக்குத் தண்ணீரும் ஏறாது. வாடகை மிச்சம் என்பதெல்லாம் அப்போது மறந்துவிடும்! பள்ளியில் பதுங்கிடம் உண்டா என்று மாமியாரிடம் விசாரிக்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் பையனுக்கு இணைய வகுப்புதான்.