ஏர்கோன் பொருத்தியதில் குறை: கடைக்காரர் கைவிரித்தால் யாரைப் பிடிப்பது?

கேள்வி: பினாங்கு ஜெலுத்தோங்கில் அப்பாவின் வரிசை வீட்டில் வசிக்கிறோம். பக்கவாதம் வந்ததிலிருந்து அப்பா படுத்த படுக்கைதான். அவர் அறையில் 2012-இல் மாட்டிய ஏர்கோன் சென்ற ஆண்டு குளிராமல் போனது. தெரிந்த கடைக்காரர் ஆள் அனுப்பி, ஐந்து மாதத்தில் மூன்று முறை கேஸ் நிரப்பினார். ஒவ்வொரு முறையும் 150 வெள்ளி கொடுத்தேன். பிறகு கம்ப்ரஸர் போய்விட்டது, புதிதுதான் மாட்ட வேண்டும் என்றார். அதே கடையில் 2,380 வெள்ளிக்கு ஒன்றரை குதிரைசக்தி ஏர்கோன் வாங்கினேன். பொருத்தும் கூலியும் புதிய செம்புக் குழாயும் அந்த விலையில் அடக்கம் என்று கொட்டேஷனிலேயே இருக்கிறது. நான்காம் மாதம் குளிர் நின்றுவிட்டது. தயாரிப்பு நிறுவனத்தின் பழுது பார்ப்பவர் வந்து பார்த்தார். சுவருக்குள் இருக்கும் பழைய குழாயிலேயே இணைத்திருக்கிறார்கள், இணைப்பில் கேஸ் கசிந்துவிட்டது, எனவே வாரண்டி செல்லாது என்றார். கடைக்காரரோ, பொருத்தியது வெளியாள், அவரிடமே பேசிக்கொள்ளுங்கள் என்கிறார். அந்த வெளியாள் தொலைபேசியை எடுப்பதில்லை. ரசீதின் அடியில் ‘பொருத்தும் வேலைக்கு உத்தரவாதம் இல்லை’ என்று அச்சிட்டிருக்கிறது. வேறொருவர் குழாயை மாற்ற 1,150 வெள்ளி கேட்கிறார். நான் யார் மீது வழக்குப் போடுவது? அதுவரை அப்பா வெக்கையில் கிடப்பதா?

பதில்: அன்புச் சகோதரி, உங்கள் கடைசிக் கேள்விக்கே முதலில் பதில் சொல்கிறேன். அப்பா வெக்கையில் கிடக்க வேண்டியதில்லை. வழக்கு முடியும்வரை ஏர்கோனைத் தொடாமல் வைத்திருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. ஆனால் பழுது பார்ப்பதற்கு முன் இரண்டு காரியங்களைச் செய்தாக வேண்டும். கடைக்காரருக்கு எழுத்தில் ஒரு கெடு கொடுக்க வேண்டும். சாட்சியத்தைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டும். அவற்றைப் பிறகு விரிவாகச் சொல்கிறேன்.

யாரைப் பிடிப்பது? கடைக்காரரைத்தான். நீங்கள் கொட்டேஷன் வாங்கியது அவரிடம், பணம் கொடுத்தது அவரிடம், ரசீதில் இருப்பதும் அவர் கடைப் பெயர். அந்த வெளியாளை நீங்கள் தேடிப் பிடிக்கவில்லை, அவரோடு நீங்கள் எந்த ஒப்பந்தமும் செய்யவில்லை. தான் ஒப்புக்கொண்ட வேலையை யாரை வைத்து முடித்தாலும், அதற்குப் பொறுப்பு ஒப்புக்கொண்டவருடையது. அந்த ஆளிடம் நட்டத்தை வசூலிப்பது கடைக்காரர் பாடு. அந்தச் சுமையை உங்கள் தலையில் ஏற்ற அவருக்கு உரிமையில்லை.

நம் நாட்டின் 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் பொருளுக்கு மட்டும் உரியது என்று பலர் நினைக்கிறார்கள். சேவைக்கும் அதில் தனிப் பகுதி இருக்கிறது. 53-ஆம் பிரிவின்படி, சேவை வழங்குபவர் நியாயமான கவனத்தோடும் திறமையோடும் வேலை செய்வார் என்ற உத்தரவாதம், யாரும் எழுதித் தராவிட்டாலும், ஒப்பந்தத்திலேயே அடங்கியிருக்கிறது. அடுத்த பிரிவு, நீங்கள் சொல்லிவைத்த தேவைக்கு அந்த வேலை பொருந்த வேண்டும் என்கிறது. நோயாளியின் அறைக்கு என்று கடைக்காரரிடம் சொல்லியிருந்தீர்கள் அல்லவா? வாட்ஸ்அப்பில் அப்படி ஒரு வரி இருந்தாலும் அது உங்களுக்குப் பெரிய பலம்.

இனி ரசீதின் அடியில் இருக்கும் அந்த அச்சு. அதைப் படித்துவிட்டுத்தான் பாதிப் பேர் வாய் மூடிப் போய்விடுகிறார்கள். எனக்கு மிகவும் வருத்தம் தருவது அதுதான். இந்தச் சட்டம் தரும் உரிமைகளை ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதி இல்லாமலாக்க முடியாது என்று 6-ஆம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது. நீங்கள் கையெழுத்தே போட்டிருந்தாலும் அந்த வரி உங்களைக் கட்டுப்படுத்தாது.

தயாரிப்பு நிறுவனத்தின் நிலை வேறு. பொருள் அதன் கையைவிட்டுப் போன பிறகு இன்னொருவர் செய்த தவறால் வந்த குறைக்கு அது பொறுப்பாகாது என்பதே சட்டத்தின் ஏற்பாடு. ஆகவே பழுது பார்ப்பவர் சொன்னது உண்மையானால் அந்த நிறுவனம் தப்பித்துக்கொள்ளும். ஆனால் அவர் சொன்னதே கடைக்காரருக்கு எதிராக உங்களுக்குக் கிடைத்த முதல் சாட்சியம். வாய்மொழியாகச் சொன்னதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வரிசை எண், பார்த்த நாள், கண்ட குறை, வாரண்டி மறுத்த காரணம் எல்லாம் அந்த சர்வீஸ் அறிக்கையில் இருக்கட்டும்.

பழைய குழாயைப் பயன்படுத்தியது ஏன் சின்ன விஷயம் இல்லை என்பதை, பயனீட்டாளர் வழக்குகளை விசாரிக்கும் நடுவர் மன்றத்தில் (அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்) நீங்களே விளக்க வேண்டிவரும். 2012-இல் மாட்டிய வீட்டு ஏர்கோன் பெரும்பாலும் ஆர்22 கேஸில் ஓடியிருக்கும். ஓசோன் படலத்தைக் கெடுக்கும் அந்த வகை கேஸில் ஓடும் இரண்டரை குதிரைசக்தி வரையிலான ஏர்கோன்களை இறக்குமதி செய்யவும் தயாரிக்கவும் மலேசியா 2015 ஜனவரி முதல் தடை விதித்தது. இன்று கடையில் கிடைக்கும் புதியவற்றில் பெரும்பாலும் ஆர்32 என்ற கேஸ் இருக்கிறது. இதன் அழுத்தம் ஆர்22-ஐவிட ஒன்றரை மடங்குக்கும் மேல். கம்ப்ரஸருக்குப் போடும் எண்ணெயும் வேறு. பழைய குழாயைப் பயன்படுத்துவதென்றால் அதன் தடிமனைப் பார்க்க வேண்டும், உள்ளே ஒட்டிய எண்ணெயைக் கழுவ வேண்டும், முனைகளைப் புதிதாக விரித்து இணைக்க வேண்டும், பம்பு வைத்துக் காற்றையும் ஈரத்தையும் முழுக்க உறிஞ்ச வேண்டும். இதையெல்லாம் செய்தார்களா என்று கடைக்காரரிடம் எழுத்தில் கேளுங்கள். இது தவிர, புதிய குழாய் போடுவதாகக் கொட்டேஷனில் எழுதிவிட்டுப் பழையதையே இணைத்தது அப்பட்டமான ஒப்பந்த மீறல். அதை நிரூபிக்கக் கொட்டேஷனும் ஒரு புகைப்படமும் போதும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். கேஸுக்குக் கொடுத்த 450 வெள்ளியை விட்டுவிடாதீர்கள். ஏர்கோன் கேஸ் அடுப்பு கேஸைப் போல எரிந்து தீர்வதில்லை. மூடிய குழாய்க்குள் அதுவேதான் சுற்றிச் சுற்றி ஓடுகிறது. குறைகிறது என்றால் எங்கோ ஓட்டை இருக்கிறது என்று பொருள். ஓட்டையைத் தேடாமல் மூன்று முறை நிரப்பிவிட்டுப் பணம் வாங்கியது திறமையான வேலை ஆகாது. ஆனால், கசிவு இருக்கிறது, அடைக்க இவ்வளவு ஆகும் என்று அவர் சொல்லி, நீங்கள்தான் இப்போதைக்கு நிரப்பினால் போதும் என்று விட்டீர்கள் என்றால் இந்தக் கோரிக்கை வலுவிழந்துவிடும். என்ன பேசினீர்கள் என்பதை நினைவுபடுத்திப் பாருங்கள்.

இப்போது செய்ய வேண்டியது. திருத்தக்கூடிய குறை என்றால், முதலில் வேலை செய்தவரிடமே நியாயமான கெடுவுக்குள் திருத்தித் தரும்படி கேட்க வேண்டும். அவர் மறுத்தாலோ கண்டுகொள்ளாமல் விட்டாலோ, வேறு ஆளை வைத்துத் திருத்தி அதற்கான நியாயமான செலவை அவரிடம் வசூலிக்கலாம். அல்லது ஒப்பந்தத்தை ரத்து செய்து பணத்தைத் திரும்பக் கேட்கலாம். இரண்டில் ஒன்றுதான். முழுப் பணமும் பழுதுச் செலவும் சேர்த்துக் கேட்டால் கோரிக்கையின் மதிப்பே குறைந்துவிடும். அப்பாவின் நிலையைப் பார்த்தால் நான் முதலாவதைத்தான் சொல்வேன்.

அப்பாவின் உடல்நிலையைக் குறிப்பிட்டு ஏழு நாள் கெடு வைத்து மலாயில் ஒரு கடிதம் எழுதுங்கள். பதிவுத் தபாலிலும் வாட்ஸ்அப்பிலும் அனுப்புங்கள். நோயாளி இருக்கும் வீட்டுக்கு ஏழு நாள் குறைவென்று யாரும் சொல்லமாட்டார்கள். அந்த நாள்களில் இன்னொருவரிடமும் விலை கேட்டுவையுங்கள். 1,150 வெள்ளி நியாயமானதுதான் என்று காட்ட இரண்டாவது கொட்டேஷன் உதவும். கெடு தாண்டியும் அசைவில்லை என்றால் வேலையைக் கொடுத்துவிடுங்கள். குழாயைக் கழற்றுவதற்கு முன்னும், கழற்றும்போதும், பிறகும் படம் எடுங்கள். வேலை செய்பவரிடம், தான் கண்டதை நான்கு வரி எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். கம்ப்ரஸரும் கெட்டிருந்தால் அதற்கான செலவும் இந்தக் கோரிக்கையில்தான் சேரும்.

அதன்பின் மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம். கட்டணம் 5 வெள்ளி. 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை அது விசாரிக்கிறது. குறை ஏற்பட்டதிலிருந்து மூன்று ஆண்டுகளுக்குள் மனு செய்ய வேண்டும். உங்களுக்கு நேரம் இருக்கிறது. மனுவுக்கான முதலாம் பாரத்தை இணையம் வழியாகவே தாக்கல் செய்யலாம். கடைப் பலகையில் இருக்கும் பெயரைப் போடாதீர்கள். ரசீதில் உள்ள பதிவுப் பெயரையும் பதிவு எண்ணையும் அப்படியே எழுதுங்கள்; அது இல்லையென்றால், வணிகங்களைப் பதிவு செய்யும் மலேசிய நிறுவன ஆணையத்தில் தேடிப் பெறலாம். தவறான பெயரில் கிடைத்த தீர்ப்பை நிறைவேற்றுவது பெரும்பாடு. தயாரிப்பு நிறுவனத்தையும் இன்னொரு எதிர்த்தரப்பாகச் சேர்க்கலாம். அப்போது ஒருவர் மீது ஒருவர் பழி போடுவதை இருவரும் நடுவர் முன்னால்தான் செய்ய வேண்டியிருக்கும்.

அங்கே வழக்கறிஞர் யாருக்காகவும் வாதாட முடியாது. அதனால் என்னைப் போன்றவர்களுக்குக் காசு செலவழிக்காதீர்கள். பாரம் நிரப்பக் கைத்துணை வேண்டுமென்றால் பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தை அணுகுங்கள். தீர்ப்பு வந்து 14 நாளில் அதை நிறைவேற்றாமல் இருப்பது குற்றம். அபராதம், சிறை இரண்டுக்கும் இடம் இருப்பதால் கடைக்காரர்கள் பொதுவாக இழுத்தடிக்கத் தயங்குவார்கள். அதற்கிடையில் கோபத்தில் கடைப் பெயரைப் போட்டு முகநூலில் எழுதிவிடாதீர்கள். அவதூறு வழக்கு ஒன்று புதிதாக முளைக்க வேண்டாம்.

ஒன்று மட்டும் மறக்க வேண்டாம். குழாயை மாற்ற வருபவர் கழற்றிய பழைய செம்பைக் கையோடு எடுத்துப் போய்விடுவார். எடைக்குப் போட்டால் காசு கிடைக்கும் என்பதால் அது வழக்கம். அதைக் கொடுக்காதீர்கள். சுவருக்குள் மறைந்திருக்கும் பகுதியை எடுக்க முடியாவிட்டாலும், இணைப்பு இருந்த இரண்டு முனைகளையாவது ஒரு முழ நீளத்துக்கு வெட்டித் தரச் சொல்லி, தேதி எழுதிய பையில் போட்டு வையுங்கள். விசாரணை நாளன்று அதை நடுவர் மேசையில் வைக்க வேண்டும்.